காசு கிடைத்த இடம்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், உன்னிடம் எத்தனை காசு இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். நான் சொல்வது பழங்காசு. ஐம்பது காசு சேர்த்தவனுக்கு அந்தப் புத்தகம் ஆடம்பரம். ஐந்நூறு சேர்த்தவனுக்கு அது இல்லாமல் தீராது. என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்றதால்தான் முடிவெடுக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

மேடம், நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். கிணற்றில் விழுந்து இறந்த மலையாண்டி விஷயமாக வந்திருக்கிறேன் என்று ஸ்டேஷன் வாசலில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று தோன்றும். அந்த மரணம் இந்தப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது. ரைட்டர் ஐயா எழுதட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் இன்பசேகரன். வயது அறுபத்து மூன்று. தல்லாகுளத்தில் சொந்த வீடு. மிஷன் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் வரலாறு கற்பித்தேன். அதில் பதினெட்டு வருடம் என்.சி.சி.யும் என் பொறுப்பில் இருந்தது. இந்த என்.சி.சி.யை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மனைவி ஜாய்ஸும் ஆசிரியையாக இருந்தவள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறியதில்லை. செலவு என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் காசுதான்.

மதுரையில் எங்களைப்போல் காசு சேர்ப்பவர்கள் முப்பது பேர் இருப்போம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மாலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். அந்த முப்பது பேரில் புத்தகம் வைத்திருந்தவர் ஒருவர்தான். ஜெர்சன். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்னாட்டுக் காசு அத்தனைக்கும் படம், எடை, எழுத்து, அபூர்வம் எவ்வளவு என்று எண்போட்டு அச்சடித்த பெரிய புத்தகம் அது. தலையணை உறையில் போட்டு பீரோவில் வைத்திருப்பார். பார்க்கப் போனால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொல்வார். பக்கத்தை அவர்தான் புரட்டுவார். இரவல் என்ற பேச்சே கிடையாது.

அந்தப் புத்தகம் அப்போது பதினாலாயிரம். வாங்கலாமா என்று ஜாய்ஸிடம் கேட்டேன்.

"இம்புட்டு விலைக்கு ஒரு பொஸ்தகமா? அதுல இருக்குற காசுல ஒண்ணாச்சும் கூட ஒட்டித் தாராகளா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான் என்பார்கள். நான் அந்த ரகம். கை கழுவினால் ஓசியில் பார்க்கக் கிடைக்கிற புத்தகத்துக்குப் பதினாலாயிரம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தப் பதினாலாயிரத்தை அன்றே கொடுத்திருந்தால் மலையாண்டி இன்று உயிரோடிருப்பான். இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விலையை அவ்வளவு ஏற்றி வைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

மலையாண்டி என்னிடம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்தவன். அலங்காநல்லூருக்கு வடக்கே அவனுக்கு இரண்டு ஏக்கர் கரும்பும் ஒரு கிணறும் இருந்தன. நாற்பது வயதுக்குப் பிறகும் என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். அவனுக்கு நல்ல கண். உழும்போதும் வண்டல் வெட்டும்போதும் மண்ணில் ஒரு பச்சை தெரிந்தால் விடமாட்டான். கிடைத்ததை அப்படியே ஒரு புகையிலை டப்பாவில் போட்டு எனக்குக் கொண்டுவருவான். புளி போட்டுத் தேய்க்காதே என்று ஒரு தடவை சொன்னேன். அதன்பிறகு ஒரு காசைக்கூட அவன் கழுவியதில்லை. நூறோ இருநூறோ கொடுப்பேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு கொண்டுவருகிறவனிடம் எங்கே கிடைத்தது என்று நாங்கள் கேட்கமாட்டோம். மண்ணுக்குள் கிடைப்பது அரசாங்கத்துக்குச் சேரும் என்பது சட்டம், உங்களுக்குத் தெரியாததில்லை. நாம் கேட்டால் அவன் பயந்துவிடுவான். அல்லது நாமே போய்த் தோண்டுவோம் என்று சந்தேகப்படுவான். அடுத்த காசு வேறு ஆளிடம் போய்விடும். 'இடம் கேட்டவன் கடைசியாக வாங்கினவன்' என்று எங்களுக்குள் ஒரு பேச்சே உண்டு. பதினோரு வருடத்தில் நான் மலையாண்டியிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவனாகவே ஒரே ஒரு தடவை சொன்னான். கோடையில் கிணற்றைத் தூர் வாரியபோது அந்த வண்டலில் பதினேழு காசு கிடைத்தது என்றான். எல்லாம் நாயக்கர் காலத்துச் சில்லறை. ஆனாலும் எனக்கு அந்தக் கிணற்றின்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாசி மாதம். லெந்து நாட்கள், எங்களுக்குத் தவக்காலம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜாய்ஸை வீட்டில் இறக்கிவிட்டுக் கைபேசியைப் பார்த்தால் அவன் கூப்பிட்டிருந்தான். "சார், ஒரு காசு இருக்கு. நீங்க ஒருக்கா பாக்கணும். நம்ம தோட்டத்துப் பக்கம் வர முடியுமா?" என்றான். எப்போதும் வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் என்னை வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றடியில் மோட்டார் ரூமுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் கரும்பு ஆள் உயரத்துக்குமேல் நின்றது. வேட்டி மடிப்பிலிருந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

அந்த நிமிடத்தைப் பற்றி எனக்கு இன்றும் கூச்சமில்லை. அவன் பக்கத்தில் நிற்பதே மறந்துவிட்டது. சதுரமான செப்புக் காசு. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் கோடுகளாகப் போட்ட மீன். மீனுக்கு மேலே மூன்று எழுத்து, பழைய தமிழ் எழுத்து. இடதுபக்க மேல் மூலையில் கொஞ்சம் உடைந்திருந்தது. யானையின் பின்னங்காலில் குறுக்கே ஒரு கீறல். யானையும் மீனும் போட்ட காசு என்னிடம் மூன்று உண்டு. எழுத்து வந்த காசை நான் பார்த்ததில்லை. என் நினைவுக்கு எட்டியவரையில் ஜெர்சனின் புத்தகத்திலும் இல்லை.

எவ்வளவு என்று கேட்டேன். அவன் நெளிந்தான்.

"குடுக்குறதுக்கு இல்ல சார். ஜெர்சன் சாருட்ட பெரிய பொஸ்தகம் இருக்காம்ல, அதுல ஒருக்கா பாத்துக்கிட்டு வாரேன். அப்புறம் பேசிக்கிருவோம்."

"என்னிடமே காட்டிவிட்டாய். பிறகு ஜெர்சன் எதற்கு?" என்றேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீக சார். பொஸ்தகத்துல இருந்தா ஒரு தெகிரியம்ல."

அவ்வளவுதான் பேச்சு. அவன் குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எனக்குத்தான் எரிந்தது. மறைப்பானேன்? பதினோரு வருடம் என் வாசலில் செருப்பைக் கழற்றியவன், தலையணை உறையில் புத்தகம் வைத்திருக்கிறவனிடம் போகிறேன் என்கிறான். ஜெர்சன் அதை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வாங்கிவிடுவார். அடுத்த பதிப்பில் அவர் பெயரில் ஏறிவிடும். நான் கை கழுவிவிட்டுப் போய் அதைப் பார்க்க வேண்டும்.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றான். "ஃபுட் வால்வுல செத்தை அடைச்சிருக்கு சார். நீங்க காசப் பாத்துக்கிட்டு இருங்க. ரெண்டு நிமிசத்துல எடுத்துட்டு வாரேன்."

காசு என் கையிலேயே இருந்தது. அவ்வளவு நம்பிக்கை. கிணற்றுக்குள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால் வைத்து, மோட்டார் ரூம் தூணில் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கீழே பன்னிரண்டு அடித் தண்ணீர் இருக்கும். நான் லென்ஸை எடுத்துக் காசைப் பார்த்தேன். படியில் வழுக்கி விழுந்தான் என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. விழுந்தது உண்மை, மேலே ஏறும்போது கடைசிப் படியில். விழும்போது இடுப்பு கல்லில் மோதியது. அவன் நீச்சல் தெரிந்தவன், ஆனால் கால் இரண்டும் வேலை செய்யவில்லை. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"சார், கயிறு" என்றான்.

கயிற்றின் நுனி தண்ணீரில்தான் கிடந்தது. அவனுக்கு நாலடி தூரம். நான் அதை மேலே இழுத்தேன்.

கயிற்றை நான் அறுத்தேன் என்றோ ஒளித்தேன் என்றோ எழுதிவிடாதீர்கள். தூணிலிருந்து அவிழ்த்து, எட்டு வடிவில் சுருட்டி, நுனியை நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்து, மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினேன். என்.சி.சி.யில் பதினெட்டு வருடம் அப்படித்தான் பழக்கம். தோட்டத்துக்காரர்கள் யாரும் கயிற்றை அப்படிச் சுருட்டமாட்டார்கள். உங்கள் கோப்பில் மோட்டார் ரூமைப் படம் எடுத்து வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், ஆணியில் தொங்கும். கயிறு இல்லாமல் ஒருவன் எப்படிக் கிணற்றுக்குள் இறங்கினான் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் குறை சொல்லவில்லை. எந்த வேலையிலும் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தேன். வெயில் நன்றாக இருந்தது, லென்ஸுக்குத் தோதான வெளிச்சம். மூன்று எழுத்தில் இரண்டை அங்கேயே படித்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் 'சார்' என்றுதான் கூப்பிட்டான். பிறகு அவன் மனைவி நாகஜோதியின் பெயர். அதன்பிறகு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. அடுத்த தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். லெந்து என்பதால் கறி இல்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஜாய்ஸிடம் சொன்னேன். மறுநாள் சவ அடக்கத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். நாகஜோதி என்னைப் பார்த்ததும், "நேத்துக்கூட ஒங்கள வரச் சொல்லணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரே சார்" என்று காலில் விழுந்து அழுதாள். நான் போனது அவளுக்குத் தெரியவில்லை. தேறிக்கொள்ளம்மா என்று சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது. அதில் பொய் இல்லை.

ஒரு வருடம் காசை வெளியே எடுக்கவில்லை. அந்த ஒரு வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கைக்குக் கிடைத்த நல்ல காசை நாலு பேருக்குக் காட்ட முடியாத துக்கம் சேர்ப்பவனுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு கூட்டத்தில் எடுத்து வைத்தேன். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சாமானோடு வந்தது என்றேன். யாரும் இடம் கேட்கவில்லை, வழக்கப்படி. முப்பது பேரும் வரிசையில் நின்று லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஜெர்சன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என் பொஸ்தகத்துல இது இல்லண்ணே" என்றார். என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில் இனிப்பான வார்த்தை அது.

போன மார்கழியில் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. இரண்டு பாகம், பதினெட்டாயிரத்து ஐந்நூறு, தபால் செலவு தனி. வாங்கலாமா என்று மறுபடி யோசித்தேன். இந்தத் தடவை காரணம் வேறு. புதிய பதிப்பிலும் என் காசு இல்லையென்றால் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று ஆகிவிடும். அதை ஜெர்சன் புரட்டிக் காட்டித் தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் வாங்கினேன். ஜாய்ஸ் இரண்டு நாள் பேசவில்லை.

முதல் பாகத்தில் என் காசு இல்லை. இரண்டாம் பாகத்திலும் பாண்டியர் பகுதியில் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தார்கள். போலிக் காசுகள். முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் என் காசு இருந்தது. ஒன்றல்ல, ஆறு படம். ஆறிலும் இடது மேல் மூலை உடைசல். ஆறிலும் யானையின் பின்னங்காலில் கீறல்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டும். பழைய காலத்தில் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். ஒரு அடி போல் மறு அடி விழாது. அடித்த பிறகு ஒவ்வொரு காசும் ஒவ்வொரு கையில் தேய்ந்து ஒவ்வொரு விதமாக அடிபடும். ஆகவே ஒன்றைப்போல் ஒன்று இருக்கவே முடியாது. உடைசலும் கீறலும் ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு காசைப் பார்த்தால், ஒன்றை வைத்து மண்ணில் அச்செடுத்து, செம்பை உருக்கி மற்றதை வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். படத்துக்குக் கீழே அதைத்தான் எழுதியிருந்தார்கள். அண்மையில் வார்க்கப்பட்டவை, தென் மாவட்டங்களில் விற்கப்படுகின்றன, அச்செடுக்கப் பயன்பட்ட மூலக் காசு எங்கிருக்கிறது என்று தெரியவில்லை.

அந்தக் கடைசி வரியைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஜெர்சனும் புதிய பதிப்பை வாங்கியிருந்தார். மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா ஓரத்துல அரம் போட்ட கோடு தெரியுதுண்ணே. வார்ப்புதான்."

"தேய்மானம்" என்றேன். "இதுதான் மூலம். இதை வைத்துத்தான் மற்ற ஆறையும் செய்திருக்கிறார்கள்."

"இருக்கலாம்ணே. இல்லேன்னு சொல்ல நான் யாரு? ஆனா எங்க கெடச்சதுன்னு எழுத்துல இருக்கணும். மண்ணுக்குள்ளருந்து வந்துச்சு, இன்ன தேதி, இன்னார் பாத்தாருன்னு ஒரு பேப்பர் இருந்தா பொஸ்தகம் எழுதுன புரொபசருக்கே எழுதலாம். காரைக்குடி வீட்டுச் சாமான்னா ஒண்ணும் நிக்காதுண்ணே" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கிடைத்த இடம் தெரியாத காசு வெறும் செம்பு. பதினோரு வருடம் நாங்கள் யாரும் கேட்காத கேள்விதான் கடைசியில் காசின் உயிர் என்று ஆகிவிட்டது. அந்தப் பேப்பருக்காக அன்றைக்கே இங்கே வர நினைத்தேன். ஜாய்ஸை அவள் தங்கை வீட்டில் விட்டுவர வேண்டியிருந்ததால் தள்ளிப்போயிற்று. எங்கள் சர்ச் ஆயரிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவர் ஜெபம் செய்வார். அவருக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் எழுதிக் கொடுக்கும் பேப்பரும் எங்கும் செல்லாது.

போன வியாழக்கிழமை நாகஜோதி வீட்டுக்கு வந்தாள். இதையும் நானே சொல்லிவிடுகிறேன். நாளை நீங்கள் அவளை விசாரித்தால் அவள் ஒன்று சொல்லுவாள், நீங்கள் குழம்பிவிடக் கூடாது. மோட்டார் ரூம் கூரை ஓடுகளை மாற்றும்போது சுவர் மாடத்தில் மலையாண்டியின் புகையிலை டப்பா கிடைத்தது என்று கொண்டுவந்தாள். திறந்து பார்த்தேன். இரண்டு காசு இருந்தன. சதுரம். யானை. அதே உடைசல், அதே கீறல்.

"மூணு வாங்கிட்டு வந்தாரு சார். சமயநல்லூர்ல ரோட்டோரமா பழைய சாமான் விக்கிற ஆளுகிட்ட, மூணும் முந்நூறு ரூவா. மூணும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கேன்னு அவருக்கு ஒரே சந்தேகம். ஒண்ணக் காணம், எங்க விழுந்துச்சோ. சார்ட்ட நேரா போலியான்னு கேட்டா சங்கடப்படுவாரு, மொதல்ல காமிப்போம், அப்புறம் பொஸ்தகத்துல பாத்துட்டுக் குடுப்போம்னாரு. பொய்க்காசு சார் கைக்குப் போயிட்டா நாலு பேருக்கு முன்னால அவருக்குத்தான கேவலம், படிப்பு சொல்லிக் குடுத்த மனுசன்லன்னாரு."

அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். பஸ் வரும்வரை கூட நின்றேன்.

அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. அவள் கேட்டதைச் சொல்லுகிறாள். கணவன்மார் மனைவியிடம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்வதில்லை, எனக்கே அது தெரியும். அந்த இரண்டும் போலி, சந்தேகமில்லை. அவற்றைச் சமயநல்லூரில்தான் வாங்கியிருப்பான். ஆனால் என் கையில் அவன் கொடுத்தது வேறு. கிணற்று வண்டலில் கிடைத்ததை அந்த மூன்றோடு நான்காக வைத்துப் பார்த்திருப்பான், போலியில் ஒன்றை எங்கோ தொலைத்திருப்பான். அப்படித்தான் கணக்குச் சரியாகிறது. இரண்டு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு விதமாகப் போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அப்படி ஒன்று நடந்திருக்க முடியாது.

காசை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், விரல் படக்கூடாது. புத்தகத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், முந்நூற்றுப் பதினொன்றில் அட்டை சொருகியிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். நல்ல தாள், படங்கள் தெளிவு. அந்த ஒரு பக்கத்தைத் தவிர அதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதையும் அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்கள். அதற்கு உங்கள் கோப்பு முதலில் திருத்தமாக இருக்க வேண்டும். அதனால் வழுக்கி விழுந்தான் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவன் வழுக்கவில்லை. கடைசிப் படிக்கு வந்து, "கையக் குடுங்க சார்" என்றான். கொடுத்தேன். காசு என் இடது கையில் இருந்தது, வலது கையைக் கொடுத்தேன். அவன் பாரம் முழுவதும் என் கைக்கு வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் கையை விட்டேன்.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வந்ததிலிருந்து நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, நல்ல கேள்வி. அந்தக் காசு கிணற்றில் கிடைத்தது என்று மலையாண்டி உங்களிடம் சொன்னானா என்றீர்கள். சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, கேட்பது வழக்கமில்லை என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவனுக்கு, எந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வான் என்று கேட்காமலே தெரியும். கிணறு என்றே எழுதுங்கள். கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான்.